லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுப்பது இந்த ஆல்பத்தைத்தான். கேட்டுவிட்டு வருகிறவர்கள் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

லீ மார்கன் யாரு? ட்ரம்பெட்னா எனக்கு மைல்ஸ் டேவிஸ் பேரு மட்டும்தான் தெரியும்.

1938 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். 18 வயதில் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்டார். அதே 1956-இல் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு கம்பெனிக்குத் தன் பெயரிலேயே ரெக்கார்டிங்கும் செய்தார். மறு வருடம் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' ஆல்பத்தில் வாசித்தபோது அவருக்கு வயது 19. 1958-இல் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவுக்குப் போனார். அந்தக் குழுவின் 'மோனின்' பாட்டில் வரும் முதல் சோலோ (ஒருவர் தன் கற்பனையில் தனித்து வாசிக்கும் பகுதி) அவருடையதுதான்.

மைல்ஸைக் கேட்டுப் பழகியவர்களுக்கு மார்கன் கொஞ்சம் வாயாடியாகத் தெரிவார். மைல்ஸ் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அமைதியாக நிற்கிற இடத்தில் இவர் நாலு வார்த்தை கூடச் சொல்லி, கடைசியில் ஒரு கேலியும் செய்துவிட்டுத்தான் நகர்வார். 1956-இல் 25 வயதிலேயே கார் விபத்தில் இறந்துபோன ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரௌனின் பாதிப்பு இவரிடம் நிறைய உண்டு. ஆனால் அந்தக் குறும்பு இவருடையதே.

ஆல்பத்துல மொத்தம் எத்தனை பேர்? பெரிய குழு மாதிரி கேக்குதே.

ஐந்து பேர்தான். ட்ரம்பெட்டில் மார்கன், டெனர் சாக்ஸபோனில் ஜோ ஹெண்டர்சன், பியானோவில் பாரி ஹாரிஸ், டபுள் பாஸில் பாப் கிரான்ஷா, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ்.

தேர்வு கொஞ்சம் விசித்திரமானது, அதில்தான் அழகும். பாரி ஹாரிஸ் டெட்ராய்ட்காரர். பட் பவல், தெலோனியஸ் மங்க் வழியில் வந்த சுத்தமான பீபாப் (1940-களில் உருவான வேகமான ஜாஸ் பாணி) ஆள். ஹிக்கின்ஸோ 1950-களின் கடைசியில் ஆர்னெட் கோல்மனோடு வாசித்து, இதெல்லாம் ஒரு இசையா என்று பழைய ஆட்களிடம் திட்டு வாங்கிய குழுவிலிருந்து வந்தவர். கிரான்ஷா 1962-இல் சானி ராலின்ஸின் 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தில் வாசித்தவர். ஹெண்டர்சன் ராணுவத்திலிருந்து வெளியே வந்து நியூயார்க்கில் கால் ஊன்றிக்கொண்டிருந்தார். அவருடைய முதல் ஆல்பமான 'பேஜ் ஒன்' ரெக்கார்டிங் 1963 ஜூனில் நடந்தது. மார்கனின் பழைய மெசஞ்சர்ஸ் கூட்டாளி ஒருவர்கூட இதில் இல்லை. 'பெரிய குழு' என்று தோன்றுவதற்குக் காரணம், ட்ரம்பெட்டும் டெனரும் ஒட்டி நின்று தீம் (பாட்டின் முதன்மை மெட்டு) வாசிக்கும் விதமும் ஒலிப்பதிவும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணினாங்கன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம். 1963 டிசம்பர் 21, சனிக்கிழமை. இடம் நியூஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் இருக்கும் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. வான் கெல்டர் கண் பரிசோதகராக வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில் ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்தார். 1959-இல்தான் உயரமான மரக்கூரை போட்ட இந்த ஸ்டூடியோவுக்கு வந்தார்.

ஒரே நாளில் முடிந்தது என்றால் அவசரத்தில் முடித்தார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் பல சின்ன கம்பெனிகள் ஆட்களை நேராக மைக் முன்னால் நிறுத்திவிடும். ப்ளூ நோட்டின் ஆல்ஃப்ரெட் லயன் மட்டும் ஒத்திகை நாளுக்கும் சம்பளம் கொடுப்பார். அதனால் புதுப் பாட்டாக இருந்தாலும் இவர்கள் வாசிப்பில் தடுமாற்றம் தெரியாது.

மொத்தம் அஞ்சு பாட்டுதான் இருக்கு. ஏன் ஒவ்வொண்ணும் இவ்வளவு நீளம்?

சுமார் 40 நிமிட இசைத்தட்டு அது. 'தி சைட்வைண்டர்', 'டோட்டம் போல்' இரண்டும் தலா 10 நிமிடத்தைத் தாண்டும். 'கேரிஸ் நோட்புக்', 'பாய், வாட் எ நைட்', 'ஹோகஸ் போகஸ்' மூன்றும் 6 முதல் 8 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐந்தையும் எழுதியவர் மார்கன். சிடியில் 'டோட்டம் போல்' இரண்டு முறை வரும். இரண்டாவது, அதே பாட்டை அன்று இன்னொரு முறை வாசித்த பதிவு, பிற்பாடு சேர்த்தது.

நீளத்துக்குக் காரணம், ஆளாளுக்கு சோலோ உண்டு என்பதுதான். அது அடுத்த கேள்வி.

முதல் ஒரு நிமிஷம் நல்லா இருக்கு. அப்புறம் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கிறாங்க. பாட்டு எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தீம் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை பார்கள் (நம் ஆவர்த்தனம் மாதிரியான தாள அளவு) கொண்டது. அந்த பார்களுக்கு ஒரு கார்டு வரிசை உண்டு; கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள். சோலோ வாசிப்பவர் மெட்டை விட்டுவிடுவார், வரிசையை விடமாட்டார். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நம் கச்சேரியில் கற்பனைஸ்வரம் எங்கெங்கோ போய்வந்தாலும் நாம் கையில் தாளம் போட்டுக்கொண்டு எடுப்புக்காகக் காத்திருப்போமே, அந்தப் பழக்கம் இருந்தால் இது சுலபமாகப் பிடிபடும்.

ஒரு வழி சொல்கிறேன். சோலோ தொடங்கியதும் தீமை மனசுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். மார்கன், ஹெண்டர்சன், ஹாரிஸ், கடைசியாக கிரான்ஷா என்று வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு இடம் விடும் நொடியில் நீங்கள் பாடும் தீமும் சரியாக முடியும். ஒருமுறை அது பொருந்திவிட்டால் அப்புறம் 'இஷ்டத்துக்கு வாசிக்கிறாங்க' என்று சொல்லத் தோன்றாது.

ப்ளூஸ்னா 12 பார்னு படிச்சேன். நான் எண்ணினா 24 வருதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். கறுப்பின அமெரிக்கர்களின் பழைய பாட்டு வடிவமான ப்ளூஸின் வழக்கமான 12 பாரை அப்படியே இரண்டு மடங்காக இழுத்திருக்கிறார். 8 பார் முதல் கார்டிலேயே நிற்கும். பிறகு நாலாவது கார்டுக்கு (ஸ்வர வரிசையின் நாலாவது ஸ்வரத்தில் தொடங்கும் கார்டு) போய் 4 பார், திரும்பி வந்து 4 பார். கடைசி 8 பாரில் முடிச்சு விழும். முதல் 8 பார் அசையாமல் நிற்கிறதே, அதுதான் சூட்சுமம். கார்டு மாறாததால் காதுக்குத் தாளம் ஒன்றுதான் வேலை, கால் தானாக ஆடும். கடைசி 8 பாரின் தொடக்கத்தில் ஒரு மைனர் நிறம், அதாவது கொஞ்சம் சோகச் சாயல், வந்து போகும். அதுவரை தெனாவட்டாக நடந்த மெட்டு அந்த இடத்தில் ஒரு நொடி முகம் மாறும். பத்து நிமிடத்தில் அது எத்தனை முறை வந்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ட்ரம்பெட்ல சில இடத்துல ஸ்வரம் வழுக்குற மாதிரி, நசுங்குற மாதிரி கேக்குதே. தப்பா வாசிச்சாரா?

வேண்டுமென்றே செய்வது. ட்ரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு. அவற்றை முழுதாக அழுத்தினால் தெளிவான ஸ்வரம் வரும். பாதி மட்டும் அழுத்தினால் காற்று இரண்டு பாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒலி மூக்கால் பேசுகிற மாதிரி நசுங்கி வளையும். பாதி வால்வு என்று வாத்தியக்காரர்கள் சொல்வது இதைத்தான். மார்கன் இதில் கில்லாடி.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே ஸ்வரத்தை நாக்கால் வெட்டி வெட்டிப் பல முறை சொல்வார், ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறொரு இடத்தில் வைத்து. முதல் பாட்டு சோலோவில் அவர் வேகமாக ஓடும் இடங்களைவிட இப்படி ஒரே ஸ்வரத்தை வைத்துச் சீண்டும் இடங்கள்தான் சுவாரசியம்.

இதை ஜாஸ்னு எப்படிச் சொல்றது? டான்ஸ் பாட்டு மாதிரி இருக்கே.

இரண்டும்தான். சாதாரண ஜாஸில் டிரம்மர் சிம்பலில் ஸ்விங் வாசிப்பார். அதாவது ஒரு பீட்டை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீளும், அடுத்தது சுருங்கும். 'தி சைட்வைண்டர்' பாட்டில் ஹிக்கின்ஸ் இரண்டையும் ஏறக்குறைய சமமாக வைக்கிறார். அதன்மேல் ஒரு லத்தீன் சாயல். பியானோவும் பாஸும் அதே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. பின்னாளில் பூகலூ என்று பெயர் ஒட்டிய நடை இதுதான்.

ஹிக்கின்ஸுக்கு இது புதிதல்ல. 1962-இல் ஹெர்பி ஹான்காக்கின் 'வாட்டர்மெலன் மேன்' ரெக்கார்டிங்கில் டிரம்ஸ் வாசித்தவரும் அவரே. அடித்து நொறுக்காமல் இவ்வளவு துள்ளல் கொடுக்க முடியும் என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள், சிம்பல் பேச்சுக் குரலுக்கு மேல் போகாது.

சைட்வைண்டர் ஒரு பாம்பு தானே? பாட்டுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்?

பாலைவனத்தில் பக்கவாட்டில் ஊரும் ஒரு விஷப்பாம்பு அது. ஆனால் மார்கன் மனசில் இருந்தது தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வில்லன் என்று அவரே ஆல்பத்தின் பின்னட்டைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் கதை.

பாத்ரூம்ல டாய்லெட் பேப்பர்ல எழுதின பாட்டுன்னு சொல்றாங்க. உண்மையா, கதையா?

சொன்னவர் பாப் கிரான்ஷா, அதாவது அன்று அந்த அறையில் இருந்தவர். ரெக்கார்டிங் நடுவில் மார்கன் கழிவறைக்குப் போனார், ரொம்ப நேரம் வரவில்லை. போதைப் பழக்கம் இருந்த ஆள் என்பதால் மற்றவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அவரோ டாய்லெட் பேப்பரில் இந்தப் பாட்டை எழுதிக்கொண்டு வந்து நின்றார் என்பது கிரான்ஷாவின் நினைவு. ஆல்பத்தில் நேரம் நிரப்பக் கடைசியில் சேர்த்த பாட்டு என்றும் சொல்வார்கள்.

கிரான்ஷா பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனால் 24 பார் அமைப்பைப் பற்றி மேலே சொன்னேன், அதைப் பார்த்தால் போகிற போக்கில் கிறுக்கியது போலத் தெரியவில்லை. மனசில் வெகுநாள் ஊறிக்கிடந்தது அன்று பேப்பரில் இறங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, எவ்வளவு பெரிய ஹிட்? சினிமாப் பாட்டு மாதிரி எல்லாருக்கும் தெரியுமா?

ஜாஸ் அளவுகோலில் ராட்சச ஹிட். ஆல்பம் பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் 25-ஆம் இடம் வரை ஏறியது. பாட்டை இரண்டாக வெட்டி 45 ஆர்பிஎம் சின்னத் தட்டின் இரு பக்கமும் போட்டார்கள். அது பில்போர்ட் ஹாட் 100-இல் 81-ஆம் இடத்தைத் தொட்டது. பாப் பாட்டுக்கு 81 ஒரு பொருட்டில்லை. பாட்டுக்காரர் குரல் இல்லாத, சோலோ நிறைந்த ஐந்து பேர் ஜாஸுக்கு அது யாரும் எதிர்பார்க்காத உயரம். கம்பெனியே எதிர்பார்க்கவில்லை. முதலில் 4,000 பிரதிகள் மட்டும் அச்சிட்டதாகவும் அவை சில நாட்களில் தீர்ந்துபோனதாகவும் ப்ளூ நோட் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பேஸ்பால் உலகத் தொடர் ஒளிபரப்பின்போது கிரைஸ்லர் கார் விளம்பரத்திலும் இந்த மெட்டு ஒலித்தது, அனுமதி வாங்காமல். வழக்குப் போடுவோம் என்ற பேச்சு வந்ததும் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் பாட்டு கேட்டாச்சு. மீதி நாலும் அதே மாதிரிதானே இருக்கும்?

இல்லை, ஒன்றுகூட அப்படி இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்: ஹிட் பாட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே போகிறவர்கள் குறைவு.

என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் 'டோட்டம் போல்'. இருட்டான மைனர் மெட்டு, லத்தீன் நடையில் ஆரம்பித்து நடுவில் ஸ்விங்குக்கு மாறும். அந்த மாற்றம் ஒவ்வொரு சுற்றிலும் வரும். ஐந்து பேரும் அதை எப்படிச் சேர்ந்து கடக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் முதல் பாட்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். மார்கன் முதல் பாட்டில் சிரிக்க வைப்பார், இதில் வாதாடுவார். ஹெண்டர்சனின் கரகரத்த டெனருக்கும் இது நல்ல களம்.

'கேரிஸ் நோட்புக்' மூன்று பீட்டில் ஓடும் ப்ளூஸ். எப்போதும் நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டே இருந்த ஒரு நண்பரின் பெயரில் எழுதியது. 'பாய், வாட் எ நைட்' இன்னொரு ப்ளூஸ், 12/8 நடை. சர்ச் வாசனை கொஞ்சம் அடிக்கும். ஆக, மூன்று ப்ளூஸ், மூன்று விதத் தாளம். அதையும் தாண்டி 'ஹோகஸ் போகஸ்' ஒரு கதை, கீழே பார்க்கவும்.

'ஹோகஸ் போகஸ்' கேக்கும்போது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. சுட்ட பாட்டா?

உங்கள் காதுக்குப் பாராட்டு. 'மீன் டு மீ' என்ற பழைய பாட்டின் கார்டு வரிசைமேல் எழுதிய புது மெட்டு அது. இதைச் சுட்டது என்று ஜாஸில் யாரும் சொல்லமாட்டார்கள். சார்லி பார்க்கர் காலத்திலிருந்து வழக்கம் இதுதான். எல்லோருக்கும் மனப்பாடமான வரிசையை எடுத்து, அதன்மேல் புது மெட்டு. வாத்தியக்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் சோலோவுக்குள் இறங்கலாம், கம்பெனிக்கும் பழைய பாட்டுக்காரருக்கு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை. மெட்டுக்கு உரிமை உண்டு, வெறும் கார்டு வரிசைக்கு யாரும் உரிமை கேட்பதில்லை.

பாரி ஹாரிஸ் எப்படிப்பட்டவர் என்று தெரிய இந்தப் பாட்டுதான் சரி. முதல் பாட்டில் அவர் கை கட்டுண்ட மாதிரி அதே தாளக்கட்டை வாசித்துக்கொண்டிருப்பார். இங்கே அவர் தன் சொந்த வீட்டில் நடமாடுகிறார்.

இவ்வளவு பெரிய ஹிட் வந்தது மார்கனுக்கு நல்லதுதானே?

பாதி நல்லது. 1961-இல் மெசஞ்சர்ஸை விட்டுவிட்டு, ஹெராயின் பழக்கத்தோடு பிலடெல்பியாவுக்குத் திரும்பிப்போன ஆள் அவர். 1963 கடைசியில் மறுபடி நியூயார்க் பக்கம் வந்து, டிராம்போன் கலைஞர் கிராச்சன் மான்கர் மூன்றாமவரின் 'எவல்யூஷன்' ஆல்பத்தில் வாசித்தார். அடுத்த மாதமே இது. காணாமல்போனவரை ஹிட் மறுபடி நடுமேடைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் மெசஞ்சர்ஸுக்கும் திரும்பினார்.

மறுபாதி இப்படி. அதற்கப்புறம் வந்த ஆல்பங்களில் 'இதே மாதிரி ஒன்று' முதல் பாட்டாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டது. 'தி ரம்ப்ரோலர்' ஆல்பத்தின் பெயரிலேயே அது தெரிகிறது. அதன் தலைப்புப் பாட்டை எழுதியது புதுமை விரும்பியான பியானோ கலைஞர் ஆண்ட்ரூ ஹில் என்பது பலருக்கும் ஆச்சரியம். அதே நேரம், 1964 பிப்ரவரியில் ரெக்கார்ட் செய்த 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' 1966 வரை அலமாரியில் தூங்கியது. மார்கனின் ஆழமான வேலை அதுதான் என்பேன். 1964 ஆகஸ்டில் செய்த 'டாம் கேட்' வெளிவந்தது 1980-இல், அவர் இறந்து எட்டு வருடம் கழித்து.

கம்பெனிக்கும் ஹிட் வலிதான். தட்டு அச்சிடும் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும், விநியோகஸ்தர்கள் பணத்தை மெதுவாகத்தான் தருவார்கள், அடுத்த ஹிட் எங்கே என்று வேறு கேட்பார்கள். 1965-இல் ப்ளூ நோட்டை லிபர்ட்டி கம்பெனிக்கு விற்றார்கள்.

மனைவி அவரைச் சுட்டுக் கொன்னாங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த ஆல்பம் சமயத்துலயா?

இல்லை, எட்டு வருடம் கழித்து. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் அந்தப் பெண், ஹெலன், மார்கனின் வாழ்க்கையில் வந்தது 1967 வாக்கில். அடகுக் கடைக்குப் போன ட்ரம்பெட்டோடு அலைந்துகொண்டிருந்தவரை மறுபடி மேடையேற வைத்ததில் ஹெலனின் பங்கு பெரிது. 1972 பிப்ரவரி 19 அதிகாலை, நியூயார்க்கின் ஸ்லக்ஸ் என்ற கிளப்பில், இடைவேளையில் நடந்த தகராறில் ஹெலனே அவரைச் சுட்டார். பனிப்பொழிவால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. மார்கனுக்கு வயது 33.

அந்த முடிவை மனசில் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தில் சோகம் தேட வேண்டாம். 25 வயதுப் பையன் ஒருவன் வேலைக்குத் திரும்பிய சந்தோஷம்தான் இதில் இருக்கிறது.

பழைய தட்டு ஒண்ணு விலைக்கு வருது, 'ஒரிஜினல்'னு சொல்றாங்க. எப்படி நம்புறது? ஸ்டீரியோ வாங்கவா, மோனோவா?

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தட்டைப் பாருங்கள். மோனோவின் எண் 4157, ஸ்டீரியோ 84157. நடு லேபிளில் கம்பெனி முகவரி 'நியூயார்க், யுஎஸ்ஏ' என்று இருக்க வேண்டும். லிபர்ட்டி பெயர் இருந்தால் அது 1966 அல்லது அதற்குப் பிந்தையது. பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வழுவழுப்பான பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 'வான் கெல்டர்' என்ற முத்திரை தெரியும். கூடவே காது வடிவத்தில் ஒரு கீறலும் தெரியும். அது ப்ளாஸ்டிலைட் அச்சகத்தின் குறி, 1966-இல் அந்த அச்சகத்தோடு தொடர்பு முடிந்ததால் அந்தக் குறியும் நின்றுபோனது. காது இல்லாமல் முதல் அச்சு விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மோனோவா ஸ்டீரியோவா என்பதில் பெரிய சண்டை வேண்டியதில்லை. வான் கெல்டர் இரண்டு ட்ராக் டேப்பில் பதிந்ததையே ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்தக் கால மோனோ தட்டு வந்தது. மோனோவில் ட்ரம்பெட்டும் டெனரும் ஒட்டி நின்று தாக்கும். ஸ்டீரியோவில் பிரிந்து நிற்கும், ஹிக்கின்ஸின் சிம்பலைத் தனியாகப் பின்தொடர அதுவே வசதி. பியானோ மட்டும் இரண்டிலும் கொஞ்சம் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் கேட்கும். வான் கெல்டரின் பியானோ ஒலிக்கு அந்தக் காலத்திலிருந்தே இருக்கும் புகார் அது, உங்கள் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.